பேர் கேட்காத பந்தி

ஜூன் 16, 2025, திங்கள். சாக்ரமெண்டோ, கலிஃபோர்னியா, அமெரிக்கா

பேத்தியை நூலகத்துக்குக் கூட்டிப்போனேன். கதை சொல்லி முடித்ததும் பக்கத்து அறையில் மேசைகளை விரித்தார்கள். பிள்ளைகள் வரிசையில் நின்று ஆளுக்கு ஒரு பொட்டலமும் பாலும் வாங்கி உட்கார்ந்தார்கள். பேத்தி கையைப் பிடித்து இழுத்தாள்: "ஆச்சி, வா, சாப்பாடு!" இவளுக்கு வீட்டில் சோறு இருக்கிறதே என்று தயங்கினேன். அங்கிருந்த நூலகர் சிரித்துக்கொண்டே இவளிடமும் ஒன்றை நீட்டினார். 18 வயது வரை யார் வந்தாலும் உண்டு. பேர், முகவரி, அப்பா என்ன வேலை பார்க்கிறார் என்று ஒரு கேள்வி கிடையாது.

விளாத்திகுளம் பக்கத்தில் சத்துணவு அமைப்பாளராக முப்பத்து மூன்று வருடம் இருந்தவள் நான். வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வரிசையே கண்ணுக்குள் நின்றது. மகளிடம் சொன்னேன். "நாளைக்கே போயி உதவி பண்றேன்னு கேளும்மா" என்றாள்.

ஜூன் 18, புதன்

சேர்த்துக்கொண்டார்கள். சம்பளமில்லாத் தொண்டு. கணக்குத் தாளைப் பார்த்ததும் பழைய பதிவேடு நினைவுக்கு வந்துவிட்டது. 1, 2, 3 என்று எண்கள் அச்சடித்திருக்கும். பிள்ளை கையில் சாப்பாடு போன பிறகுதான் ஓர் எண்ணை அடிக்க வேண்டும், முன்கூட்டியே அடித்து வைக்கக் கூடாது. அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் மத்திய விவசாயத் துறை சாப்பாட்டுக்குப் பணம் தருகிறது. பால், தானியம், புரதம், இரண்டு வகைக் காய் அல்லது பழம், இத்தனையும் இருந்தால்தான் அது ஒரு சாப்பாடு. பால் 41 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் சூடாகிவிடக் கூடாது என்று நூலகர் வெப்பமானியைக் காட்டிச் சொல்லிக்கொடுத்தார்.

கோடையில் பள்ளி மூடினால் பள்ளிச் சாப்பாடும் நின்றுபோகும் என்பதை இந்த நாடு 1968இலேயே கணக்கில் எடுத்து, சோதனையாக ஆரம்பித்திருக்கிறது. 1975இல் அது தனித் திட்டமாகிவிட்டது. கலிஃபோர்னியா நூலகங்கள் 2013இலிருந்து இதைக் கையில் எடுத்திருக்கின்றன. ஒரு வட்டாரத்துப் பிள்ளைகளில் பாதிப் பேராவது இலவச அல்லது சலுகை விலைப் பள்ளி உணவுக்குத் தகுதி உள்ளவர்கள் என்றால், அங்கே இப்படிக் கதவைத் திறந்து வைக்கலாம். அதற்கப்புறம் வருகிற ஒவ்வொரு பிள்ளையையும் சோதிப்பதில்லை.

எனக்குப் பெரிதாகப் பட்டது இதுதான். நூலகத்துக்குள் நுழைகிற பிள்ளை புத்தகத்துக்கு வந்ததா, சோற்றுக்கு வந்ததா என்று பார்க்கிறவருக்குத் தெரியாது. எங்கள் ஊரில் பத்து, பன்னிரண்டு வயதானதும் தட்டைத் தூக்கிக்கொண்டு வரக் கூச்சப்பட்டு, பசியோடு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த பெண்பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

நாளை நூலகம் விடுமுறை. கறுப்பின மக்கள் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டதை நினைவுகூரும் நாள்.

ஜூன் 24, செவ்வாய்

மூன்று பிள்ளைகளோடு ஒரு தாய். பெரியவர்களுக்கு இந்தப் பணத்தில் சாப்பாடு தர முடியாது. பிள்ளைகளும் அங்கேயே உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும், கட்டிக்கொண்டு போக முடியாது. மூத்த பெண்ணுக்கு எட்டு வயது இருக்கும். ரொட்டியைப் பிட்டுப் பாதியை அம்மா பக்கம் தள்ளினாள். அம்மா திருப்பித் தள்ளினாள். பிள்ளை மறுபடியும் தள்ளியது. நான் கணக்குத் தாளைக் குனிந்து பார்த்துக்கொண்டேன்.

பிள்ளையின் சாப்பாடு பிள்ளை வயிற்றுக்குத்தான் போக வேண்டும் என்கிற விதியின் நியாயம் எனக்கும் தெரியும். நானே அப்படி எத்தனையோ நாள் கண்டிப்பாக இருந்திருக்கிறேன். ஆனாலும் அந்தத் தாய்க்கும் ஒரு பொட்டலம் இருந்தால்தான் அந்தப் பெண் முழு ரொட்டியையும் தின்பாள்.

ஓரமாக ஒரு மேசை உண்டு. வேண்டாத ஆப்பிளையும் பிரிக்காத பாலையும் பிள்ளைகள் அதில் வைத்துவிடுவார்கள். இன்னும் பசிக்கிற பிள்ளை எடுத்துக்கொள்ளும். அந்த மேசை இன்று காலியாகத்தான் இருந்தது.

ஜூலை 2, புதன்

இன்று நடந்ததை நினைத்தால் தூக்கம் வரவில்லை. மேஜிக் நிகழ்ச்சி இருந்ததால் கூட்டம் அதிகம். நாற்பது பொட்டலம் வந்திருந்தது, பிள்ளைகள் நாற்பத்தேழு பேர். வரிசையின் கடைசியில் ஏழு பேர் நிற்கிறார்கள். நூலகர் போன் மேல் போன் போட்டார். அதற்குள் இன்னொரு நடை வண்டி வர வழியில்லை. ஊழியர்கள் தங்கள் அலமாரியில் இருந்த பிஸ்கட்டை எடுத்துக் கொடுத்தார்கள்.

என் மையத்தில் பத்துப் பிள்ளை கூடுதலாக வந்தால் உலையில் இன்னும் கொஞ்சம் அரிசி, சாம்பாரில் ஒரு செம்பு வெந்நீர். சமையலக்கா முனகிக்கொண்டே சமாளித்துவிடுவாள். பொட்டலத்தில் எதை ஊற்றுவது? அளவு, சுத்தம், குளிர்ச்சி எல்லாம் இங்கே அருமை. ஆனால் பக்கத்தில் ஓர் அடுப்பு எரிய வேண்டும் என்று இன்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

ஜூலை 3, வியாழன்

அறுபது வந்தது. நேற்று பிஸ்கட்டோடு போன ஏழு பேரில் ஐந்து பேரை அடையாளம் கண்டேன். மற்ற இரண்டு பேர் வரவில்லை.

ஜூலை 7, திங்கள்

நான்காம் தேதி நாட்டு விடுமுறை, அப்புறம் சனி, ஞாயிறு. ஆக மூன்று நாள் சாப்பாடு கிடையாது. இன்று கதவு திறக்கும்போதே ஒரு பையன் வெளியே நின்றுகொண்டிருந்தான். உள்ளே போய் டைனோசர் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டான். வெகுநேரம் பக்கம் திருப்பவேயில்லை. மேசை போட்டதும் முதல் ஆளாக வந்தான். பாலை ஒரே மூச்சில் குடித்தான்.

எங்கள் மையம் வருடத்தில் 220 நாள் ஓடும். மே மாதம் பூட்டு. அந்த மாதத்தில் பிள்ளைகள் என்ன சாப்பிட்டார்கள் என்று முப்பத்து மூன்று வருடத்தில் நான் ஒரு வீட்டுக்கும் போய்க் கேட்டதில்லை. எங்கள் ஊர்ப்புற நூலகம் மே மாதமும் திறந்துதான் இருந்தது. மையத்திலிருந்து நடக்கிற தூரம்தான்.

ராத்திரி ஊருக்குப் போன் போட்டேன். எனக்கு அடுத்து வந்த அமைப்பாளரிடம், பள்ளி திறந்த ஜூன் 2ஆம் தேதி எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"எப்பவும் போலத்தான்க்கா. மொத நாளு சோறு பத்தல. ரெண்டாவது தடவ உலை வச்சோம்."