முதலில் கொப்பியைக் காட்டுங்க

பிசியோதெரபிப் பகுதிக்குப் புதிதாக வரும் தாயிடம் நான் முதலில் கேட்பது பிள்ளையின் கிளினிக் கொப்பியை. ஸ்கேன் படம், இரத்தப் பரிசோதனை, வலிப்பு மருந்துத் துண்டு எல்லாம் பெரிய உறையில் பத்திரமாக வரும். கொப்பி மட்டும் வீட்டில் கிடக்கும். "கால் இழுத்து விடத்தானே மிஸ் வந்த, அது என்னத்துக்கு?" என்பார்கள். காலுக்கு முன்னால் தடுப்பூசிப் பக்கத்தைப் பார் என்று படிக்கிற காலத்தில் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மட்டக்களப்பில் மூளைவாதமுள்ள பிள்ளைகளோடு வேலை செய்யத் தொடங்கிய பிறகு வந்த பழக்கம் இது.

தடுப்பூசி விஷயத்தில் இலங்கை நல்ல பெயர் எடுத்த நாடு. 1978இல் தொடங்கிய நிர்ப்பீடனத் திட்டம் யுத்த காலத்திலும் நிற்கவில்லை. கடைசிப் போலியோ நோயாளி 1993இல். ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டா ஊசியின் மூன்றாம் தடவையை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பெறுகிறார்கள். ஊசிக்கு எதிராகக் கொடி பிடிக்கிற ஆட்கள் எங்கள் பக்கம் மிகக் குறைவு. அப்படியிருந்தும் என்னிடம் வரும் பிள்ளைகளின் கொப்பிகளில் வெறுங்கட்டங்களைக் காண்கிறேன். இரண்டாம் மாத ஊசிக்குத் திகதி இருக்கும், நாலாம் மாதக் கட்டத்தில் பென்சிலால் 'பின்னர்' என்று எழுதியிருக்கும், அதற்குப் பிறகு ஒன்றுமே இருக்காது. இவர்கள் கிளினிக்கை எட்டிப் பார்க்காத பிள்ளைகளும் அல்ல. ஊரிலுள்ள மற்றப் பிள்ளைகளைவிட அதிகமாக வைத்தியசாலைக்கு வந்து போகிறவர்கள்.

நடப்பது பெரும்பாலும் இப்படித்தான். பிறந்தவுடன் அழாத பிள்ளை, அல்லது மாதம் நிரம்பாமல் பிறந்த பிள்ளை. சில கிழமைகள் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில். மூன்றாம் நாலாம் மாதத்தில் வலிப்பு, மறுபடியும் வார்ட். ஊசி நாள் வரும்போது பிள்ளை கட்டிலில். வீட்டுக்குப் போனபின் ஊர்க் கிளினிக்கில் குடும்பநல உத்தியோகத்தர் மருந்துத் துண்டைப் பார்த்துவிட்டு, "பெரிய டொக்டரைக் கேட்டுட்டு வாங்க" என்பார். அவர் கேட்கச் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் நிபுணரின் கிளினிக்கில் விடியலிலிருந்து இலக்கம் எடுத்துக் காத்திருக்கும் தாய்க்கு உள்ளே கிடைப்பது சில நிமிடங்கள். வலிப்பு எத்தனை தரம் வந்தது, மருந்து முடிந்ததா, அடுத்த திகதி எப்போது என்பதோடு நேரம் போய்விடும். ஊசியைப் பற்றி அவரும் கேட்பதில்லை, தாயும் கேட்பதில்லை. யாரும் மறுக்கவில்லை, யாரும் போடவும் இல்லை. 'பின்னர்' மட்டும் நிற்கிறது.

உண்மையில் தயங்க வேண்டிய இடங்கள் சில உண்டு. வலிப்பு கட்டுக்குள் வராத பிள்ளை, மூளையின் நிலை நாளுக்கு நாள் மோசமாகிக்கொண்டு போகும் பிள்ளை, முந்தைய முக்கூட்டு ஊசிக்கு (தொண்டைக்கரப்பான், குக்கல் எனும் கக்குவான் இருமல், ஏற்புவலி) பின் 7 நாட்களுக்குள் மூளை பாதிக்கப்பட்டுக் கடும் சுகவீனமடைந்த பிள்ளை: இவர்களுக்குக் குக்கலுக்கு எதிரான பகுதியைக் கொடுப்பதா இல்லையா என்று நிபுணர்தான் சொல்ல வேண்டும். குழந்தைப் பருவ வலிப்புக்குக் கூடிய அளவில் ஸ்டீராய்ட் எடுத்த பிள்ளைக்கு எம்.எம்.ஆர். (சின்னமுத்து எனும் தட்டம்மை, கூகைக்கட்டு, ருபெல்லா ஊசி), உயிருள்ள கிருமியாலான மூளைக்காய்ச்சல் ஊசி போன்றவற்றை மருந்து நிறுத்தி ஒரு மாதமாவது கழித்துத்தான் போடுவார்கள். அவ்வளவுதான். மூளைவாதம் என்பது மூளைக்கு ஒருமுறை நேர்ந்த சேதம், மேலும் பரவாதது. அதைக் காட்டி ஊசியை நிறுத்தக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனமே தவறான காரணங்களின் வரிசையில் எழுதி வைத்திருக்கிறது. சொல்லப்போனால் இந்தப் பிள்ளைக்குத்தான் ஊசி முந்தித் தேவை. பலமாக இருமத் தெரியாது, சாப்பாடு அடிக்கடி சுவாசப் பாதைக்குள் போகும். மற்றப் பிள்ளை இருமிக் கரைத்துவிடும் சளி, இதற்கு நியூமோனியாவாகும். இந்தப் பிள்ளைகளை நாங்கள் இழப்பது பெரும்பாலும் நெஞ்சு வருத்தத்தால். குக்கலும் சின்னமுத்தும் அங்கேதான் போய் நிற்கும். 2023இல் சின்னமுத்து நாட்டில் மறுபடி தலைகாட்டியபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவை அந்த வெறுங்கட்டங்கள்தான்.

மண்டூரிலிருந்து பாதை (ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றும் படகு) ஏறி, வாவியைக் கடந்து, குருமண்வெளியில் இறங்கி வரும் ஒரு தாய் இருந்தார். விறைத்த பிள்ளையை ஒரு தோளில் போட்டு, மற்றக் கையில் பை. "நாலாம் மாச ஊசி போட்ட பிறகுதான் மிஸ் இவன்ட கழுத்து நிக்காமப் போன" என்றார். இதைப் பல வாய்களில் கேட்டிருக்கிறேன். கழுத்து நிற்க வேண்டிய வயது நாலு மாதம். குப்புறப் புரள, இருக்க, தவழ என்று அடுத்தடுத்து எதிர்பார்ப்பதும் ஒன்பது மாதம் வரை. ஊசிகளும் 2, 4, 6, 9ஆம் மாதங்களில். குறை கண்ணில் படும் காலமும் ஊசி போடும் காலமும் பக்கத்துப் பக்கத்தில் விழுகின்றன. பிறக்கும்போதே நேர்ந்தது, கழுத்து நிற்க வேண்டிய நாள் வரும்வரை தெரியவில்லை.

இதை விளங்கப்படுத்துவது லேசு. விளங்கப்படுத்தினால் முடிந்தது என்று நினைப்பவர்கள் இந்த வீடுகளுக்குள் போகாதவர்கள். மாமியார் சொல்லியிருப்பார், வயிற்றில் இருக்கும்போது கிரகணத்தில் வெளியே போனாய் என்று. புருசன் குடும்பத்தில் வேறொருவர், உங்கட பரம்பரையில்தான் இப்படி என்பார். ஊசிதான் காரணம் என்று நம்புவதால் அந்தப் பெண்ணுக்குக் கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைக்கிறது. நான் அதைப் பறித்துவிட்டால் பழி திரும்ப அவள் தலையில்தான் வந்து விழும். அதனால் ஊசியைப் பற்றி வாதாடாமல் கொப்பியின் முதல் பக்கத்தைத் திறக்கிறேன். பிறந்த நிறை, பிள்ளை அழுததா, ஒட்சிசன் கொடுத்ததா, எத்தனை நாள் வார்டில். முடிந்தால் மாமியாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசிப்பேன். மண்டூர் மாமியார் கடைசிவரை ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அடுத்த தடவை பிள்ளையைத் தூக்கி வந்தது அவர்தான்.

இன்னொன்று. மூளைக்காய்ச்சல், ஹிப் கிருமியால் வரும் மூளையுறை அழற்சி, கர்ப்பத்தில் தாய்க்கு வரும் ருபெல்லா, இவையெல்லாம் பிள்ளையை இந்த நிலைக்குக் கொண்டுவரக் கூடியவை. ஊசியால் வந்தது என்று பயப்படுகிற வருத்தத்தின் சில காரணங்களையே அந்த ஊசிகள்தான் தடுக்கின்றன.

எங்கள் வேலை உதவும் இடமும் ஒன்று உண்டு. போலியோச் சொட்டு கொடுக்கும்போது, விறைப்புள்ள பிள்ளை தலையைப் பின்னால் எறிந்து வில்லாக வளையும், பற்கள் இறுகும், நாக்கு சொட்டை வெளியே தள்ளும். கிளினிக்கில் நாலு பேர் சேர்ந்து தலையைப் பிடித்து அழுத்துவதைப் பார்த்திருக்கிறேன். அழுத்த அழுத்த விறைப்புக் கூடும். இடுப்பை மடித்து, முழங்கால்களை வயிற்றுப் பக்கம் கொண்டுவந்து, தாயின் மடியில் பந்தாகச் சுருட்டித் தாடையைச் சற்று முன்னே சாய்த்துப் பாருங்கள், வாய் தானாகத் திறக்கும். இரண்டு சொட்டுத்தானே, கன்னத்தின் உட்பக்கமாக விட்டால் போதும். உடனே துப்பிவிட்டால் மறுபடி கொடுக்கலாம். தொடை ஊசிக்கும் அதே மடிதான். கால்கள் கத்தரிபோல் பின்னிக்கொண்டிருக்கும்போது குத்தினால் நோவு அதிகம். தளர்ந்த தொடையின் வெளிப்பக்கத்தைத் தேடிக் குத்த வேண்டும். இதைக் கிளினிக் ஊழியர்களுக்கு ஒருமுறை பொம்மையை வைத்துச் செய்து காட்டினோம். சிரித்துக்கொண்டே பார்த்தார்கள், ஆனால் செய்கிறார்கள்.

காய்ச்சல் பற்றி இரண்டு வார்த்தை. பனடோல் அளவை வயதை வைத்துக் கொடுக்கக் கூடாது, நிறையைப் பார்த்துத்தான். எங்கள் பிள்ளைகளில் நாலு வயதுக்காரர் பலருக்கு இரண்டு வயதின் நிறைதான். ஊசி நாளன்று அவசரத்தில் காலை வலிப்பு மருந்தைக் கொடுக்காமல் வருவதும் உண்டு. பிறகு வலிப்பு வந்தால் பழி ஊசிக்கு.

மூன்று வயது எம்.எம்.ஆர்., ஐந்து வயது டி.ரி. (தொண்டைக்கரப்பான், ஏற்புவலி ஊசி) வரை எப்படியோ இழுத்துப் பிடிக்கலாம். அதற்குப் பின்னர்தான் பெரிய ஓட்டை. ஆறாம் வகுப்பில் பெண் பிள்ளைகளுக்குக் கருப்பை வாசல் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. ஊசி, 2017இல் தொடங்கியது. ஏழாம் வகுப்பில் எல்லோருக்கும் ஏ.ரி.டி., அதே இரண்டு நோய்களுக்குப் பெரியவர்களுக்கான ஊசி. இரண்டும் பள்ளிக்கூடத்தில் வைத்து. பள்ளிக்கூடம் போகாத பிள்ளை எந்த வகுப்பு? வகுப்பு இடாப்பில் பெயர் இல்லாதவளை யாரும் தேடி வருவதில்லை.

பத்து வயதுப் பெண் பிள்ளையின் தாய் ஒருவரிடம் எச்.பி.வி. பற்றிச் சொன்னேன். பிள்ளையின் சுருண்ட விரல்களை ஒவ்வொன்றாக விரித்துக்கொண்டே, "இவளை யாரு மிஸ் கட்டப் போறா? இந்த ஊசி இவளுக்கு என்னத்துக்கு?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, கணக்குப் பார்ப்பதுபோல் சொன்னார். கருப்பை வாசல் புற்றுநோய், தடுக்கக்கூடியது, செலவில்லை என்றெல்லாம் சொன்னேன். சொல்லாமல் விட்ட காரணம் ஒன்று இருந்தது. நடக்கவும் கத்தவும் முடியாத பெண் பிள்ளைகளுக்கு என்ன நடக்கிறது என்பது இந்த வேலையில் இருக்கும் எங்களுக்குத் தெரியும். அந்தத் தாய் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையில் அவருக்கும் தெரியும் என்று பட்டது. அதற்குப் பிறகு அவர் கேட்டதெல்லாம் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்பதுதான். தகப்பன் ஓட்டோ பிடித்துச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குக் கொண்டுபோனார்.

இப்போது தை மாதத்தில் ஒரு பட்டியல் எழுதுகிறேன்: பத்து வயது தாண்டிய, பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகள், பிரிவு வாரியாக. அதைப் பணிமனைகளுக்குக் கொடுக்கிறோம். சில இடங்களில் உடனே எடுத்துக்கொள்கிறார்கள், ஓரிடத்தில் "இது எங்கட போர்மில இல்லையே" என்றார்கள். இந்த வருடப் பட்டியலில் வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைப் பெயர்கள் இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. வெல்லாவெளிப் பக்கம் போகும் சமூக சேவை உத்தியோகத்தரிடம் ஒரு பிரதி கொடுத்திருக்கிறேன்.