செயினைக் கழற்றிவிட்டுச் சுற்றிப் பாருங்கள்

விருதம்பட்டில் எங்கள் தெருப் பிள்ளைகள் பலர், பிளஸ் ஒன்னில் அரசு கொடுத்த சைக்கிளில்தான் காட்பாடிக்குப் படிக்கப் போகிறார்கள். போன வாரம் அக்கா மகள் வந்து, "மாமா, மிதிக்கவே முடியல, யாரோ பின்னாடி புடிச்சி இழுக்கற மாதிரி கீது" என்றாள். ஏற்றம் வந்தால் இறங்கித் தள்ளுகிறாளாம். இப்படியே விட்டால் அடுத்து ஷேர் ஆட்டோதான், சைக்கிள் வாசலில் துருப்பிடிக்கும். எனக்கு அது பொறுக்காது.

சைக்கிள் மிதிக்கக் கனமாக இருந்தால் உடனே செயினில் எண்ணெய் ஊற்றுகிறார்கள். வறண்ட செயினுக்கு அது சரி. மண் அப்பிய செயினில் ஊற்றினால் எண்ணெயும் மண்ணும் சேர்ந்து சக்கரப் பல்லைத்தான் தேய்க்கும்.

முதலில் காற்று. பின் டயரைக் கட்டைவிரலால் அழுத்துங்கள், அமுங்கினால் வேறெதையும் தொட வேண்டாம். வேலூர் வெயிலுக்கு வால்டியூப், அதாவது வால்வில் மாட்டியிருக்கும் சின்ன ரப்பர் குழாய், சீக்கிரம் வெடிப்பு விட்டுவிடும். பஞ்சர் இல்லாமலே ராத்திரியில் காற்று இறங்குவது அதனால்தான்.

அவள் வண்டியில் காற்று இருந்தது. ஸ்டாண்டு போட்டுப் பின் சக்கரத்தைச் சுற்றினேன். பிரேக் கட்டை ரிம்மில் உரசவில்லை, மட்கார்டும் இடிக்கவில்லை, ஆனாலும் சட்டென்று நின்றது. பின் நட்டுகளைத் தளர்த்தி, சக்கரத்தை முன்னே தள்ளி, செயினைக் கழற்றினேன். இதைச் செய்தால் கோளாறு எந்தப் பக்கம் என்று சந்தேகமே இருக்காது. பெடல் தனியாகத் தாராளமாகச் சுற்றினால் நடு அச்சில் குற்றமில்லை. இவளுக்குச் சுற்றியது. சக்கரம்தான் இறுகியிருந்தது.

கொஞ்ச நாள் முன்பு ஒரு கடையில் டயர் மாற்றியிருக்கிறார்கள். நட்டை முறுக்கும்போது கோனும் (அச்சில் குண்டுகளை அணைத்துப் பிடிக்கும் கூம்பு நட்டு) கூடவே திரும்பி உள்ளே போயிருக்கிறது. சக்கரத்தைக் கழற்றி அச்சை விரலால் திருப்பினால் கரகரவென்று பிடித்துப் பிடித்து வந்தது. உள்ளே கிரீஸ் கருத்துக் காய்ந்து கிடந்தது. மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை, டீசலில் கழுவினேன். பக்கத்துக்கு 9 பால்ரஸ், அதாவது இரும்புக் குண்டு, கால் இஞ்ச் அளவு. சிலவற்றில் வெளிச்சத்தில் பார்த்தால் ஊசி குத்தியதுபோல் குழிகள். கெட்டதை மட்டும் மாற்றினால் புதுக் குண்டுதான் பாரம் முழுக்கத் தாங்கும். அதனால் முழு செட்டும் புதிது போட்டேன்.

கோன் வைப்பதில்தான் பொறுமை வேண்டும். கையால் நிற்கும்வரை திருகி, கால் சுற்று பின்வாங்கி, அது நகராமல் ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு லாக் நட்டை இறுக்க வேண்டும். பிறகு சக்கரத்தை வண்டியில் மாட்டி நட்டு முறுக்கியதும் மறுபடி பாருங்கள், அப்போதும் இறுகும். செயின் போடுவதற்கு முன் லேசாகத் தள்ளிவிட்டால், கனமுள்ள வால்வு பக்கம் தானாகக் கீழே வந்து, முன்னும் பின்னும் ஆடி நிற்க வேண்டும். அந்த ஆட்டம் வந்துவிட்டால் கோன் சரி.

செயின் நடுவில் அரை இஞ்ச் தொய்வு இருக்கட்டும். பெடலை முழுச் சுற்று சுற்றி, எங்கே அதிகம் இறுகுகிறதோ அங்கே வைத்து அளக்க வேண்டும்.

கடைசியாக சீட். வண்டி கிடைத்தபோது இருந்ததைவிட இப்போது அவள் வளர்ந்துவிட்டாள். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். மடங்கியே இருந்தால் முட்டிதான் வலிக்கும். இரண்டு விரல் உயர்த்தினேன். சீட் கம்பியில் ஒரு கோடு இருக்கும், அது வெளியே தெரியும் அளவுக்கு மட்டும் உயர்த்தாதீர்கள்.