காலையில் ஓடுது, மதியம் ஷார்ட் அடிக்குது: தோட்டத்து லூப்பில் பதினோரு ஸ்க்ரூ

என் தோட்டத்து மாடல் ரயில் பாதையில் மூன்று வாரமாக ஆட்டம் காட்டிய ஷார்ட் ஒருவழியாகப் பிடிபட்டது. பெருமையாகச் சொல்லிக்கொள்ள இதில் ஒன்றுமில்லை, அதை அங்கே வைத்ததே நான்தான், அதுவும் ரசமட்டம் வைத்துப் பார்த்துப் பார்த்து வைத்தேன்.

பாதை பழையபடிதான்: 45 மி.மீ. கேஜ் (இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே உள்ள அகலம்), கோடு 332 (0.332 அங்குல உயரம்) பித்தளைத் தண்டவாளம், அனலாக் டிசி, அதாவது கரண்ட் தண்டவாளம் வழியாகவே போகும், ப்ளஸ் மைனஸை மாற்றினால் வண்டியின் திசை மாறும். சுவரோரமாகப் போகும் நேர்பாதை சமர்த்தாக இருக்கிறது, அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. தொல்லையெல்லாம் கடைசியில், வண்டி ஒரு சுற்றுச் சுற்றி வந்த பாதைக்கே திரும்புகிற திரும்பு லூப்பில். ஆர்3 வளைவு, அதாவது 1195 மி.மீ. ஆரம். ஆர்1 போட்டிருந்தால் 600-இலேயே முடித்திருக்கலாம்தான், ஆனால் நீளப் பெட்டி ஒன்று அந்த வளைவில் திரும்புவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நடுவயிறு உள்ளே போய் நான்கு மூலையும் வெளியே துருத்திக்கொண்டு, சகிக்காது. இடம் போனால் போகிறது என்று பெரியதாகவே போட்டேன். பாதை பிரிகிற பாயிண்டிலிருந்து கிளம்பிச் சுற்றி மறுபடி பாயிண்டுக்கு வர ஏழரை மீட்டர். இந்த ஏழரை பின்னால் கணக்கில் வரும்.

விஷயம் இதுதான். காலை ஏழு மணிக்கு ஓட்டினால் இரண்டு திசையிலும் தங்கமாக ஓடும். பதினோரு மணி தாண்டியதும் கன்ட்ரோலரில் சிவப்பு விளக்கு. சாயங்காலம் மறுபடி எதுவுமே நடக்காத மாதிரி ஓடும். "அப்பா, வெயில் வந்தா ரயிலுக்கு லீவா?" என்று மகள் கேட்டாள். அன்றைக்கே அதைக் காதில் போட்டுக்கொண்டிருந்தால் இரண்டு வாரம் மிச்சமாகியிருக்கும்.

நான் போட்டுக்கொள்ளவில்லை. முதலில் இன்ஜினைச் சந்தேகப்பட்டு அடித்தட்டைக் கழற்றி பிரஷ்ஷைப் பார்த்தேன், அப்புறம் வேறு இன்ஜின் போட்டேன், அதற்கும் சிவப்பு. பாயிண்ட் மோட்டாருக்குள் எறும்பு புகுந்திருக்கும் என்று திறந்தேன், உண்மையிலேயே இருந்தது, முட்டையோடு. குற்றவாளி கிடைத்துவிட்டான் என்று சுத்தம் செய்து மூடினேன். மறுநாள் பதினொன்றரைக்குச் சிவப்பு. கன்ட்ரோலரே சூடாகிவிடுகிறதோ என்று அதைத் தூக்கி வீட்டுக்குள் வைத்து நீள ஒயர் இழுத்தேன். அதற்கும் அசையவில்லை.

துப்பு கிடைத்தது தற்செயலாக. சிவப்பு விளக்கு எரிந்த எரிச்சலில் குமிழை எதிர்ப்பக்கம் திருப்பினேன், ரயில் கிளம்பிவிட்டது. நிறுத்தி மறுபடி முதல் பக்கம் திருப்பினால் ஷார்ட். அப்படியானால் ஒரு திசையில் மட்டும்தான் ஷார்ட்!

இங்கே என் லூப் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதி புரியாது. ரிலே, சென்சார் எதுவும் கிடையாது, ஒரே ஒரு பிரிட்ஜ் ரெக்டிஃபயர், நான்கு டையோடு சேர்ந்தது, கரண்ட் எந்தப் பக்கமாக வந்தாலும் ஒரே பக்கமாகத்தான் வெளியே விடும். அதனால் லூப்புக்குள் ப்ளஸ், மைனஸ் எப்போதும் ஒரே பக்கம்தான், வண்டி எப்போதும் ஒரே திசையில்தான் சுற்றும். வண்டி லூப்புக்குள் இருக்கும்போது மெயின் லைனின் திசையை மாற்றிவிட்டால் வெளியே வந்து நேராகப் போய்விடும். டையோடுகளில் ஒன்றரை வோல்ட் அளவுக்குப் போகிறது, வண்டி லூப்பில் கொஞ்சம் மெதுவாகப் போகும், எனக்கு அது பிடித்தே இருக்கிறது. லூப்பின் இரண்டு முனைகளிலும், இரண்டு தண்டவாளத்திலும், மொத்தம் நான்கு இடத்தில் வெட்டு, அதாவது கரண்ட் தாண்டாத இடைவெளி, வேண்டும். ஒரு முனையில் வெட்டு ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும்? மெயின் லைன் ஒரு திசையில் இருக்கும்போது ப்ளஸ்ஸோடு ப்ளஸ் சேரும், ஒன்றும் தெரியாது. திசை மாறினால் அதே இடத்தில் ப்ளஸ்ஸும் மைனஸும் நேருக்கு நேர். ஆக எந்தத் திசையில் ஷார்ட் அடிக்கிறது என்று பார்த்தாலே எந்த முனை என்று சொல்லிவிடலாம். இதைக் காகிதத்தில் வரைந்து பார்க்க எனக்கு ஒரு ராத்திரி ஆயிற்று.

மறுநாள் மதியம் குப்புறப் படுத்து அந்த முனையின் வெட்டில் ஒரு காகிதத் துண்டைச் செருகப் பார்த்தேன். போகவில்லை. காலையில் ஹேக்ஸா பிளேடே போகிற இடைவெளி, இப்போது பித்தளையும் பித்தளையும் முகத்தோடு முகம் உரசி, ஓரத்தில் ஒரு சின்னப் பளபளப்பு. பக்கத்தில் பிரிட்ஜ் ரெக்டிஃபயரைத் தொட்டால் விரல் சுட்டது.

மறுமுனையில் ஏன் இப்படி ஆகவில்லை என்றால் அங்கே பிளாஸ்டிக் இணைப்பு இருக்கிறது. நான்கு கேட்டு ஆர்டர் போட்டேன், பார்சலில் இரண்டுதான் வந்தது. பில்லில் மட்டும் நான்கு. கடைக்கு எழுதிக் கேட்டதற்கு எடையைப் பார்த்தால் சரியாக இருக்கிறதாம், அரை கிராம் பிளாஸ்டிக்குக்கு எடை பார்த்தார்களாம். இதே ஆட்கள்தான் முன்பு ஆர்3 பெட்டிக்குள் ஆர்1 வளைவைப் போட்டு அனுப்பியவர்கள். சரி, காத்திருக்கப் பொறுமை இல்லாமல் இந்த முனையில் பிளேடால் அறுத்து அப்படியே விட்டேன். அந்த ஒரு மில்லிமீட்டர்தான் இவ்வளவுக்கும் காரணம் என்று அப்போது நினைத்தேன். பாதிதான் சரி.

வெப்பத்தை அளக்கலாம் என்று அகச்சிவப்பு தெர்மாமீட்டரைக் காட்டினால் 34 டிகிரி என்கிறது, கை வைக்க முடியவில்லை. பளபளப்பான உலோகத்தில் அந்தக் கருவி பொய்தான் சொல்லும். கருப்பு இன்சுலேஷன் டேப் ஒரு துண்டை தண்டவாளத்தின் மேல் ஒட்டி அதைக் குறிவைத்தேன், 58. காலையில் அதே டேப்பில் 26. வித்தியாசம் 32 டிகிரி. பித்தளை ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டருக்கு 0.019 மி.மீ. நீளும். ஏழரை மீட்டரைப் போட்டுப் பெருக்கினால் நாலரை மில்லிமீட்டர். நான் விட்டிருந்த இடம் ஒன்று.

முன்பெல்லாம் ஏன் இது வரவில்லை? முன்பு இணைப்புகள் வெறும் தகடு, ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. மழையில் அவற்றுக்குள் களிம்பு ஏறி கரண்ட் போகாமல் படுத்தியதால் எல்லா இணைப்புக்கும் திருகு வைத்த பித்தளைக் கிளாம்ப் போட்டு ஆலன் கீயால் முறுக்கினேன். கரண்ட் பிரமாதமாகப் போனது. லூப் முழுக்க ஒரே துண்டுத் தண்டவாளமாகவும் ஆகிவிட்டது.

சரி, வெட்டில் பிளாஸ்டிக் துண்டு வைப்போம் என்று ஒரு தகட்டை தண்டவாளத்தின் வடிவத்துக்கு அரத்தால் ராவிச் செருகினேன். இந்த ராவுகிற வேலை மட்டும் ஒரு மாலை. தலைப்பகுதி துளி உயர்ந்தால் சக்கரம் துள்ளும், துளி தாழ்ந்தால் தட்டும், நகத்தால் தடவித் தடவித்தான் பார்க்க வேண்டும், கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளம்கூட நகத்துக்குத் தெரியும். மூன்றாவது துண்டுதான் சரியாக உட்கார்ந்தது. மறுநாள் ஷார்ட் இல்லை! ஆனால் பன்னிரண்டரைக்கு வளைவின் நடுவில் 'டக்' என்று ஒரு சத்தம், போய்ப் பார்த்தால் தண்டவாளம் வெளிப்பக்கம் பிதுங்கி, ஐந்து ஸ்லீப்பரில் பிடிப்புக் கொக்கி விட்டுப் போயிருந்தது. நீளத்துக்குப் போக வழியை அடைத்தேன், அது வேறு வழி பார்த்துக்கொண்டது.

அந்தப் பிதுங்கலைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. வளையம் தன் போக்கில் சூடானால் எல்லாப் பக்கமும் ஒரே விகிதத்தில்தான் பெரிதாகும். சுற்றளவு நாலரை மில்லிமீட்டர் கூடினாலும் ஆரம் கூடுவது 0.7 மி.மீ. மட்டுமே! வளையம் மொத்தமும் முக்கால் மில்லிமீட்டர்கூட வெளியே நகர்ந்தால் போதும், வெட்டு வெட்டாகவே இருக்கும், யாருக்கும் தெரியவும் தெரியாது. அதை நகரவிடாமல் தடுத்தது யார்? கான்கிரீட்டில் துளை போட்டு, பிளக் அடித்து, ஸ்லீப்பரை ஸ்க்ரூ வைத்து இறுக்கிய நான். ஆரம் கூட முடியாததால் தண்டவாளம் ஸ்லீப்பருக்குள் வழுக்கி நீளவாக்கில் ஓடி வெட்டில் போய் முட்டியிருக்கிறது. லூப்பில் மட்டும் பதினோரு ஸ்க்ரூ. ஆடாமல் அசையாமல் இருக்கட்டும் என்று ஆசையாகப் போட்டது.

எட்டைக் கழற்றிவிட்டேன். அங்கெல்லாம் பாதையை இப்போது ஜல்லி மட்டும்தான் பிடித்திருக்கிறது. கூர்முனை உள்ள பொடி ஜல்லிதான் வேண்டும், உருண்டைக் கூழாங்கல் அழகாக இருக்கும், ஆனால் ஒன்றையொன்று பிடிக்காது, உருண்டுபோகும். பாயிண்ட் நாக்குப் பக்கம் மட்டும் கையால் பொறுக்கிப் போட்டேன், ஒரு கல் இடுக்கில் மாட்டினால் வண்டி தடம் புரளும். நடுவில் ஒரு இணைப்பில் கிளாம்ப்பை எடுத்துவிட்டு வெறும் தகடு போட்டு, கரண்டுக்காக இரண்டு பக்கமும் சேர்த்து ஒயரைத் தொய்வாக விட்டேன். பற்றவைக்கப் பார்த்து சின்ன சால்டரிங் அயனோடு அரைமணி நேரம் மல்லுக்கட்டியதுதான் மிச்சம். அத்தனை சூட்டையும் தண்டவாளம் குடித்துவிடுகிறது, ஈயம் உருண்டையாகத் திரண்டு விழுகிறது. கடைசியில் துளை போட்டு மரை வெட்டி ஸ்க்ரூவில் மாட்டினேன்.

இதற்கே பாட்டரிக்கு மாறிவிடலாமா என்று தோன்றுகிறது. 18650 லித்தியம் செல் நான்கை வரிசையாகப் போட்டால் 14.8 வோல்ட், ரிமோட் ரிசீவரோடு சேர்த்து இன்ஜினுக்குப் பின்னால் ஒரு பெட்டியில் அடக்கலாம், லூப்பில் வெட்டு வேண்டாம், களிம்பு பற்றிக் கவலை வேண்டாம். ஒரு இன்ஜினில் மட்டும் செய்து பார்க்கப் போகிறேன். கூடவே பாறைக்குவியல் மேல் ஒரு மலைப்பாதைக்குக் கோடு போட்டு வைத்திருக்கிறேன். நீலகிரி ரயில் 12-க்கு 1 (12 மீட்டர் போனால் 1 மீட்டர் உயரம்) ஏறுகிறது என்றால் நடுவில் பல் வைத்த தண்டவாளம் இருக்கிறது, என் இன்ஜின் ஒரு நத்தை நசுங்கிய இடத்திலேயே சக்கரம் சுற்றிக்கொண்டு நிற்கும், அதனால் 30-க்கு 1-க்கு மேல் போகிற உத்தேசமில்லை.

இன்று மதியம் ஒரு மணி, டேப்பில் 57 டிகிரி. புதிதாக ராவிய துண்டை எடுத்துவிட்டு வெறும் வெட்டில் காகிதம் செருகினேன், போயிற்று. மெயின் லைனின் திசையை மாற்றி மாற்றிப் பத்துப் பத்துச் சுற்று ஓட்டினேன், விளக்கு பச்சைதான். மீதி மூன்று ஸ்க்ரூவில் இரண்டைப் பாயிண்டுக்காக வேண்டுமென்றே விட்டிருக்கிறேன். மூன்றாவதற்குத் தலை மழுங்கிவிட்டது, எந்த முனையும் பிடிக்கவில்லை. நாளைக்கு அதைத் துளையிட்டுத்தான் எடுக்க வேண்டும்.