தினம் ஒரு டாரட் சீட்டு

காலையில் கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன்னால் குறி சொல்லப் பலர் பயன்படுத்தும் டாரட் என்ற படச் சீட்டுக் கட்டைக் கலைத்து ஒரு சீட்டை எடுப்பேன். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மனதில் பட்டதை நோட்டில் நாலைந்து வரி எழுதுவேன். பிறகுதான் மெயில், கூட்டம் எல்லாம். மதியக் கூட்டம் எப்படி முடியும் என்று அந்தச் சீட்டுக்குத் தெரியாது. அதை நான் அதனிடம் கேட்பதும் இல்லை. எனக்கே தெரிந்திருந்தும் வாய்விட்டுச் சொல்லாமல் தள்ளிப்போடும் விஷயங்களைப் பேச வைக்கத்தான் எனக்கு ஒரு படம் தேவைப்படுகிறது.

வாடிக்கையாளர் புகார்களைக் கவனிக்கும் ஒரு குழு என் பொறுப்பில் இருக்கிறது. நாள் முழுக்க அடுத்தவர் கோபத்தைக் கேட்க வேண்டும், பதில் சொல்ல வேண்டும், குழுவில் இருப்பவர்கள் துவண்டுவிடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த வேலையில் எல்லோருடைய மனநிலையையும் விசாரிப்போம், நம்முடையதைத் தவிர.

வேலை கழுத்துவரை ஏறியிருந்த ஒரு நாளில் டென் ஆஃப் வாண்ட்ஸ் வந்தது. ஒருவன் பத்துத் தடிகளை மொத்தமாக அணைத்துத் தூக்கிக்கொண்டு முதுகு வளைந்து நடக்கிறான். முகம் தடிகளுக்குள் புதைந்திருக்கிறது. எதிரே வீடு தெரிகிறது, ஆனால் அவனால் அதைப் பார்க்க முடியாது. நான் தூக்கிக்கொண்டிருப்பவற்றை நோட்டில் வரிசையாக எழுதினேன்: குழுவில் தீராமல் என்னிடம் வரும் புகார்கள், வாராந்தர அறிக்கை, ஷிஃப்ட் அட்டவணை, புதியவர்களுக்குப் பயிற்சி. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ‘யார் கொடுத்தது?’ என்று கேட்டுப் பார்த்தேன். ஷிஃப்ட் அட்டவணைக்கு நேராக எழுத யார் பெயரும் இல்லை. எப்போதோ ஒருவர் விடுப்பில் போனபோது கைக்கு வந்தது, அப்படியே தங்கிவிட்டது. அன்றைக்கே குழுவில் ஒருவரிடம் எடுத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டேன். “நானே கேக்கணும்னு இருந்தேன் மேடம்” என்றார்.

இது மாதிரிப் படங்கள் டாரட்டில் நிறைய இருப்பதற்குக் காரணம் ஒரு பெண். டாரட் 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் விளையாட்டுச் சீட்டாகத்தான் பிறந்தது. குறி சொல்லும் வழக்கம் பரவியது 18ஆம் நூற்றாண்டில், பிரான்ஸில். மொத்தம் 78 சீட்டுகள். அதில் மேஜர் அர்க்கானா என்ற பெரிய சீட்டுகள் 22, மைனர் அர்க்கானா என்ற சின்னச் சீட்டுகள் 56. பழைய கட்டுகளில் மைனர் எண் சீட்டுகள் பெரும்பாலும் வெறும் எண்ணிக்கைதான்: ஐந்து கோப்பை, எட்டு வாள் என்று வரைந்து வைத்திருப்பார்கள். 1909இல் லண்டனில் வெளியான கட்டுக்கு பாமெலா கோல்மன் ஸ்மித் வரைந்தபோது அந்தச் சீட்டுகளுக்குள்ளும் மனிதர்கள் வந்தார்கள். கல் வேலை செய்பவனோடு வரைபடத்தை வைத்துக்கொண்டு பேசும் இருவர், விளைச்சலைப் பார்த்தபடி மண்வெட்டியில் சாய்ந்து நிற்பவன், தூக்கம் கலைந்து படுக்கையில் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருவர். டெத், டவர் என்று பெயரைக் கேட்டாலே மிரள வைக்கும் பெரிய சீட்டுகளைவிட, வேலை நாளுக்கு இந்தச் சின்னச் சீட்டுகள்தான் நெருக்கமானவை. அந்த ஓவியரிடம் எனக்குத் தனி அன்பே உண்டு.

கட்டோடு கூடவே வரும் விளக்கப் புத்தகத்தை நான் முதலில் திறப்பதில்லை. அதற்குக் காரணம் ஒரு பழைய பரிசோதனை. 1948இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்களுக்கு ஆளுமைத் தேர்வு ஒன்று வைத்தார். பிறகு, அதன் முடிவு என்று சொல்லி எல்லோருக்கும் ஒரே குறிப்பைக் கொடுத்து, உங்களுக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டார். ஐந்துக்குச் சராசரியாக 4.26 மதிப்பெண் போட்டார்கள். பொதுவான வாக்கியம் யாருக்கும் பொருந்தும். “இன்று பொறுமை தேவை” என்று புத்தகத்தில் படித்தால் எனக்காகவே எழுதியது போலத்தான் இருக்கும், யோசனையும் அதோடு நின்றுவிடும். அதனால் முதலில் படத்தில் என்ன இருக்கிறது, என் கண் எங்கே போகிறது என்று எழுதுகிறேன்.

கேள்வி எப்போதும் என்னைப் பற்றியதாக இருக்க வேண்டும் என்பதில் நான் கறார். அவர் என்ன நினைக்கிறார், இவர் வேலையை விட்டுப் போவாரா போன்ற கேள்விகள் கிடையாது. பிடிக்காத சீட்டு வந்தால் மாற்றி எடுப்பதும் இல்லை. ஆள் எடுக்கும்போதோ, ஆண்டு மதிப்பீடு எழுதும்போதோ இந்தக் கட்டு பக்கத்திலேயே வரக்கூடாது. அது அடுத்தவருடைய பிழைப்பு. செய்த வேலையைப் பார்த்துத்தான் எழுத வேண்டும்.

ஒருமுறை உடன் வேலை பார்ப்பவர், ராஜினாமா செய்யலாமா என்று சீட்டுப் பார்த்துச் சொல்லச் சொன்னார். சொல்ல மாட்டேன், வேண்டுமானால் நீங்களே ஒன்று எடுத்துப் பாருங்கள் என்றேன். எய்ட் ஆஃப் ஸ்வார்ட்ஸ் வந்தது: கண்ணும் உடம்பும் கட்டப்பட்ட ஒரு பெண், சுற்றிலும் தரையில் குத்திய வாள்கள். அந்தப் படத்தில் என் கண் எப்போதும் கட்டப்படாத கால்களுக்குத்தான் போகும். அவர் வேறு ஒன்றைக் கேட்டார்: “இவ கண்ணைக் கட்டினது யாரு?” எனக்கு அந்தக் கேள்வி தோன்றியதே இல்லை. அதற்கப்புறம் அவர் பேசினார், நான் கேட்டுக்கொண்டிருந்தேன். என்ன முடிவெடுத்தார் என்பது அவர் விஷயம்.

இதற்கு எல்லையும் உண்டு. தூக்கம் போய், சாப்பாடு இறங்காமல், வேலை நினைப்பே நடுக்கம் தருகிறது என்றால் சீட்டை ஓரமாக வைத்துவிட்டு மருத்துவரையோ மனநல ஆலோசகரையோ பார்க்க வேண்டும். இதை யார் கேட்டாலும் முதலில் சொல்கிறேன்.

தினசரிச் சீட்டைவிட எனக்குப் பெரிதாக உதவியது நோட்டைத் திரும்பப் படிப்பதுதான். நன்றாகக் கலைத்த கட்டில் எந்தச் சீட்டும் வர 78இல் ஒரு வாய்ப்பு. கோப்பை, வாள், நாணயம் என்று மாறி மாறித்தான் வந்திருந்தன. ஆனால் ஒரு மாதத்துப் பக்கங்களைச் சேர்த்துப் படித்தபோது, எந்தப் படத்தைப் பார்த்தாலும் நான் ஒரே விஷயத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தேன்: எங்கள் குழுவை வேறொரு பிரிவோடு சேர்க்கப் போகிறார்கள் என்ற பேச்சு, அதைப் பற்றி மேலதிகாரி வாயே திறக்காமல் இருப்பது. கோப்பையைப் பார்த்தும் அதையே எழுதியிருக்கிறேன், குதிரை வீரனைப் பார்த்தும் அதையே எழுதியிருக்கிறேன். அந்த வாரமே நேரம் கேட்டு அவரிடம் போனேன். முடிவு இன்னும் ஆகவில்லை, ஆனதும் குழுவுக்கு நானே வந்து சொல்கிறேன் என்றார். அதை அப்படியே குழுவிடம் சொன்னேன். மாதக் கடைசியில் நோட்டைப் படிப்பதற்கென்றே இப்போது காலண்டரில் ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன். அந்த நேரத்தில் கூட்டம் வைக்க யாரையும் விடுவதில்லை.