முட்டுக்கட்டை

எங்கள் கார் வெள்ளைச்சி மறுபடியும் பட்டறைக்குப் போய் வந்துவிட்டாள். வாங்கி ஒன்பது மாதம் ஆவதற்குள் அவளுக்கு அழுத பணத்தில் இரண்டு கறவை மாடு பிடித்திருக்கலாம் என்கிறாள் அம்மா. பால் விலை தெரிந்துதான் பேசுகிறாளா என்று நான் கேட்கவில்லை.

இந்த முறை பின் பிரேக். மெக்கானிக் தம்பி சுத்தியலால் டிரம்மைச் சுற்றிச் சுற்றித் தட்டிக் கழற்றினார். ஒரு கைப்பிடி கரித்தூள் கொட்டியது. பிரேக் ஷூவின் மேல் உராயும் பட்டையான லைனிங் இருந்த இடத்தில் இரும்பு பல்லிளித்தது. எட்டாயிரம் கிலோமீட்டருக்கு முன்புதான் புது ஷூ போட்டோம். முன்பக்கத்து பேடு பாதிகூடத் தேயவில்லை.

"பிரேக் பிடித்தால் பாரம் முன்னால் சாயும், அண்ணா. முன் சக்கரம்தான் அதிகம் உழைக்கும். பின்னால் முதலில் தேய்ந்தால், யாரோ கை வைத்திருக்கிறார்கள்."

கேபிள் இறுகவில்லை, வீல் சிலிண்டரும் ஒழுகவில்லை. ஆகவே விற்ற தரகர்தான் குற்றவாளி என்று முடிவு கட்டினேன். பாரியூர் அம்மன் மேல் சத்தியம் செய்த மனிதர்! கோபியிலிருந்து புறப்பட்டவன், கவுந்தப்பாடி வருவதற்குள் அவருடைய ஏழு தலைமுறையையும் மனத்துக்குள் ஏசி முடித்திருந்தேன்.

அங்கேதான் கரும்பு டிராக்டர் ஒன்று குறுக்கே வந்தது. பக்கத்து இருக்கையில் அப்பாரு, என் தாத்தா. கை பிரேக்கின் மேல் எப்போதும் கிடக்கும் அவர் துண்டுக்கு அடியிலிருந்து "டிக், டிக்" என்றது. டிராக்டர் போய்விட்டது. கை பிரேக் இறங்கவில்லை; பின் சக்கரங்களை உரசிக்கொண்டே இருந்தது.

கை பிரேக் விளக்கு எரிய வேண்டுமே என்று பார்த்தால், அந்த இடத்தில் அம்மா ஒட்டிய சென்னிமலை முருகன். அவர் தலைக்குப் பின்னால் மெல்லிய செவ்வொளி. இத்தனை மாதமாக அதை அருள் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தேன்.

"என்ன அப்பாரு இது?"

"அவிநாசித் தேருக்கே முட்டுக்கட்டை போடுகிறார்கள், கண்ணு. நீ கயிற்றை லூசாக விடுகிறாய். இரண்டு பல்தான் இழுத்தேன்."

அந்தியூர்ச் சந்தைக்குச் சவாரி வண்டி ஓட்டிய கை. அதனிடம் பட்டறைக்கு அழுத 2,400 ரூபாய்க் கணக்கையெல்லாம் பேச முடியுமா? "இனிமேல் சன்னலுக்கு மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று மட்டும் சொன்னேன். மறுபேச்சில்லாமல் பிடித்துக்கொண்டார்.

இன்று காலை பவானிக்குப் போகும் வழியில் ஒரு பஸ் முந்தியது. கைப்பிடி திருகாணியோடு கழன்று அவர் கையோடு வந்துவிட்டது. மடியில் வைத்துத் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, சாலையோரத்து மஞ்சள் காட்டைப் பற்றி விசாரித்தார். நானும் மஞ்சளைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தேன்.