கவிழும் கிண்ணம்: நூற்றுக்கு 98 வரை வந்துவிட்டது

நான் செய்துவரும் மழைமானியில், புனல் வழியே வரும் நீர் இரு பக்கங்கள் கொண்ட கிண்ணமொன்றில் விழும்; ஒரு பக்கம் நிறைந்ததும் கிண்ணம் கவிழ்ந்து மறுபக்கம் நீரை ஏற்கும், கவிழ்ந்த தடவைகளை எண்ணினால் மழையின் அளவு தெரியும். ஆறாவது தடவையாகச் செய்த கிண்ணம், கடும்மழையின் வேகத்தில் நீர் விட்டபோதும், கவிழ வேண்டிய 100 தடவைகளில் 98 தடவை கவிழ்ந்தது. மூன்று மாதங்களாக 94ஐத் தாண்டாமல் தவித்த எனக்கு இது பெரும் மகிழ்ச்சி.

புனலின் விட்டம் 200 மில்லிமீற்றர் என்பதால், 0.2 மில்லிமீற்றர் மழைக்கு 6.28 மில்லிலீற்றர் நீர் சேர்ந்ததும் கிண்ணம் கவிழ வேண்டும். சேலைன் குழாயால் 628 மில்லிலீற்றரைச் சொட்டுச் சொட்டாக விட்டபோதெல்லாம் கணக்குச் சரியாகவே வந்தது. வேகம் கூடும்போதுதான் கணக்குப் பிழையாக வந்தது. மணிக்கு 75 மில்லிமீற்றர் மழையென்றால் சுமார் 9.6 செக்கனுக்கு ஒரு தடவை கவிழ வேண்டும். சாயத் தொடங்கிய கிண்ணம் பாதி தூரம் கடப்பதற்குள் விழும் நீர், ஏற்கெனவே நிறைந்த பக்கத்திலேயே சேர்ந்து, எண்ணிக்கையில் வராமல் கொட்டிப்போகிறது.

ஒரு மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் அல்லது ஒரு நாளில் 150 மில்லிமீற்றரைத் தாண்டினால் வெளியேறுங்கள் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மலைச்சரிவு மக்களுக்கு அறிவித்திருக்கையில், அதே வேகத்தில் குறைத்துக் காட்டும் மானியை என்னால் ஏற்க முடியவில்லை. தடித்த அலுமினியத்தை விட்டுக் குளிர்பான டின்னின் மெல்லிய தகட்டை வெட்டி, சைக்கிள் கம்பியை அச்சாக்கிய பின்னரே கிண்ணம் சட்டெனச் சாய்ந்தது. கிண்ணம் கவிழ்வதை எண்ண உதவும் காந்த ஆளி ஹற்றனில் கிடைக்காமல், புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவரை போய் மூன்று வாங்கினேன். இரண்டு வேலை செய்யவில்லை.

மகாவலியும் களனியும் கரைகடந்த 1947 ஆகஸ்ட் பெருவெள்ளத்துக்குரிய பக்கங்கள் எங்கள் தோட்டத்துப் பழைய மழைப் பதிவேட்டில் இருக்கின்றன. நாளொன்றுக்கு ஓர் எண், அதுவும் அங்குலத்தில்; அந்த மழை எந்த மணித்தியாலத்தில் கொட்டியது என்பதை அதிலிருந்து அறிய வழியில்லை. 25.4ஆல் பெருக்கி அவற்றை மில்லிமீற்றரில் எழுதத் தொடங்கியுள்ளேன்.

அதற்கிடையில் புனலுக்கு வலை போட வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரையான வறட்சியில் சிலந்தி துவாரத்தை அடைத்துவிட்டால், பதிவாகும் சுழியம் மழையின்மையா அடைப்பா என்று தெரியாது. கவிழ்ந்த நீரைச் சேர்க்கக் கீழே ஒரு போத்தலும் வைத்து, காலை 8.30க்கு அளந்து ஒப்பிடவிருக்கிறேன். அந்த இரண்டு சதவீதம் இன்னும் மிச்சமிருக்கிறது.