நாக் விசிட்டுக்கு ஒரு சின்னக் கல்லூரி தயாரான கதை

கல்லூரிகளை மதிப்பிட்டுத் தரம் கொடுக்கும் நாக் அமைப்பின் முதல் சுற்றில் எங்கள் கல்லூரிக்கு பி++ கிடைத்தது. 4 புள்ளிக்கு 2.76 முதல் 3 வரை எடுத்தால் அந்தத் தரம். 1844-இல் தொடங்கிய திருச்சி புனித வளனார் கல்லூரி, 1923-இன் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரி, 1925-இன் சென்னை லயோலா என்று பெரிய கத்தோலிக்கக் கல்லூரிகள் இருக்கிற மாநிலத்தில் இது ஒரு செய்தியே இல்லை. எங்களுக்குச் செய்திதான். வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்தோம், கேக் வெட்டினோம், பூசையில் நன்றி சொன்னோம்.

தென்காசிப் பக்கம், அருட்சகோதரிகள் நடத்துகிற சுயநிதிப் பெண்கள் கலை அறிவியல் கல்லூரி எங்களுடையது. மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் இணைவு பெற்றது. பிள்ளைகளில் நிறைய பேர் வீட்டில் அம்மா பீடி சுற்றுகிறார். குடும்பத்திலேயே முதல் பட்டதாரி என்பது இங்கே சர்வசாதாரணம். நான் வணிகவியல் எடுக்கிறேன். கணக்கு தெரியும் என்பதால் ஐக்யூஏசி என்ற கல்லூரியின் உள்தர உறுதிக் குழுவின் ஒருங்கிணைப்பாளர் பொறுப்பும் என் தலையில் வந்தது. இதே நிலையில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எங்கள் சுற்றின்போது இருந்த நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாக் 1994-இல் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி தொடங்கிய அமைப்பு, தலைமையகம் பெங்களூரு. முதலில் ஐஐக்யூஏ என்ற விண்ணப்பம். அது ஏற்கப்பட்டால் 45 நாளுக்குள் எஸ்எஸ்ஆர் என்ற சுயமதிப்பீட்டு அறிக்கையை இணையதளத்தில் ஏற்ற வேண்டும். ஐந்து வருடத் தரவு, 7 அளவுகோல்கள், மொத்தம் 1000 மதிப்பெண். எங்களைப் போன்ற கல்லூரிக்கு அதில் 350 கற்றல் கற்பித்தலுக்கே போய்விடும். ஏறக்குறைய 70 சதவீதம் எண்களாகக் கொடுப்பது. அதை டிவிவி என்ற சரிபார்ப்பில் ஆன்லைனிலேயே பார்த்துவிடுவார்கள். மிச்சத்தை பியர் டீம் என்ற வெளிக் கல்வியாளர் குழு நேரில் வந்து பார்க்கும். 45 நாளில் எஸ்எஸ்ஆர் எழுதிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்த 45 நாள் ஏற்றுவதற்கு மட்டும்தான் போதும். வேலையெல்லாம் விண்ணப்பத்துக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

எங்களிடம் வேலை இருந்தது, காகிதம் இல்லை. இரத்ததான முகாம், கிராமத்தில் என்எஸ்எஸ் முகாம், மாலை நேரத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் என எல்லாம் நடந்திருக்கிறது. எந்தத் தேதி, எத்தனை பேர், யார் வந்தார்கள் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில். பழைய செல்போன் மாறியதோடு போட்டோக்களும் போயிருந்தன. இங்கேதான் கான்வென்ட் கைகொடுத்தது. துறவற இல்லங்களில் அன்றன்று நடப்பதை எழுதிவைக்கிற 'குரோனிக்கிள்' என்று ஒரு நோட்டு இருக்கும். மதரிடம் அனுமதி கேட்டு அதைப் புரட்டினேன். நீல மையில், சாய்ந்த எழுத்தில், “இன்று கல்லூரியில் இரத்ததானம். ஆர்.டி.ஓ. வந்தார். மதியம் மழை. பசு கன்று ஈன்றது” என்று ஒரே மூச்சில் இருக்கிறது. நாக் இந்த நோட்டைச் சான்றாக ஏற்குமா என்பது வேறு விஷயம். தேதி கிடைத்துவிட்டதே! அந்தத் தேதியை வைத்து நாளிதழ்க் கட்டிங் தேடினோம், இரத்த வங்கியில் கடிதம் வாங்கினோம், என்எஸ்எஸ் வருகைப் பதிவேட்டைத் தூசி தட்டினோம்.

போட்டோவில் இடமும் தேதியும் பதிந்திருக்க வேண்டும் என்று வேறு கேட்கிறார்கள். ஐந்து வருடம் முன்னால் இங்கே யார் ஜிபிஎஸ் கேமரா ஆப் வைத்திருந்தார்கள்? ஆலோசனை சொல்ல வந்த ஒருவர், “பிள்ளைகளை நிற்கவைத்து மறுபடி எடுத்துவிடுங்கள், தேதியை மாற்றிக்கொள்ளலாம்” என்றார். முதல்வர் சிஸ்டர் அவருக்குக் காபி கொடுத்து அனுப்பிவைத்தார். அவரை மறுபடி கூப்பிடவில்லை.

கல்வி உதவித்தொகை விஷயம் இன்னும் சிக்கல். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர் துறை தருவது, அரசுப் பள்ளியில் படித்து வந்த பெண்களுக்கு 2022-இலிருந்து மாதம் 1000 ரூபாய் வரும் புதுமைப் பெண், இரண்டும் நேராகப் பிள்ளையின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. பயனடைந்தவர் எத்தனை சதவீதம் என்று நாக் கேட்கிறது. கல்லூரி அலுவலகத்தில் முழுப் பட்டியல் கிடையாது. ஒவ்வொரு வகுப்பாக பாஸ்புக் ஜெராக்ஸ் வாங்கினோம். இதுபோக, கட்டணம் கட்ட முடியாத பிள்ளைக்கு சிஸ்டர்களே சத்தமில்லாமல் கட்டிய தொகை இருக்கிறது. யாருக்கு என்று வெளியே சொல்லக் கூடாது என்பதற்காகவே ரசீதில் பெயர் போடாமல் கட்டியிருக்கிறார்கள். அதை நாங்கள் கணக்கில் சேர்க்கவே இல்லை. அதனால் கொஞ்சம் மதிப்பெண் போயிருக்கும். போகட்டும்.

என்னை அதிகம் பாடுபடுத்தியதும் அதிகம் பிடித்ததும் ஐந்தாவது அளவுகோலின் 5.2 என்ற பகுதிதான். படிப்பு முடித்தவர்கள் எங்கே போனார்கள், வேலையா மேற்படிப்பா, சான்றோடு காட்ட வேண்டும். ஆபீசில் இருந்த எண்களில் பாதி உயிரோடு இல்லை. இருப்பதும் அப்பா எண், அண்ணன் எண். கல்லூரியிலிருந்து என்றதும் “ஃபீஸ் பாக்கி ஏதும் இருக்கா டீச்சர்?” என்று பதறுகிறார்கள். ஒரு பெண்ணின் அம்மா, “அவளக் கட்டிக்கொடுத்தாச்சு டீச்சர், திருப்பூர்ல இருக்கா” என்றார். சரி, வேலை இல்லை போல என்று குறிக்கப் போனேன். அப்புறம் எதற்கும் இருக்கட்டும் என்று திருப்பூர் எண்ணை வாங்கிக் கூப்பிட்டால், அந்தப் பெண் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறாள். டேலியில் ஜிஎஸ்டி போடுவதெல்லாம் அவள்தான். “அம்மாக்கு அதெல்லாம் சொன்னாப் புரியாது மிஸ்” என்று சிரித்தாள். அன்று சாயங்காலமே சம்பளச் சீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டாள். இப்படி 'கல்யாணம் ஆகிவிட்டது' என்று வீட்டார் முடித்துவைத்த பலரிடம் வேலை இருந்தது. சிலர் பிஎட் முடித்திருந்தார்கள். ஒருத்தி டிஎன்பிஎஸ்சி குரூப் 4 எழுதி கிராம நிர்வாக அலுவலராக இருக்கிறாள், எங்களுக்கே தெரியாது. ஆசிரியர்கள் ஆளுக்கொரு செட்டைப் பிரித்துக்கொண்டு இடைவேளையில், பஸ்ஸில், வீட்டில் சோறு வைத்துக்கொண்டே கூப்பிட்டோம். இப்போது டிசி வாங்க வரும்போதே மூன்று எண் வாங்கிவிடுகிறோம். அவளுடையது, அம்மாவுடையது, பிறகு சிம்மை மாற்றவே மாற்றாத உறவினர் ஒருவருடையது. பெரும்பாலும் தாய்மாமாதான் எழுதப்படுகிறார்.

ஆராய்ச்சிக்கான மூன்றாவது அளவுகோலில் பல இடங்களில் பூஜ்யம் போட்டோம். போடக் கை வரவில்லை என்று சக ஆசிரியர் ஒருவர் சண்டையே போட்டார். வாரத்துக்கு இத்தனை பீரியட் எடுத்துக்கொண்டு, விடுதியையும் கவனித்துக்கொண்டு, யுஜிசி அப்போது வைத்திருந்த பட்டியலில் உள்ள இதழில் கட்டுரை எழுது என்றால் எழுதிவிட முடியுமா? காசு வாங்கிக்கொண்டு போடும் இதழ்களில் வந்ததைச் சேர்த்தால் டிவிவியில் அடிபடும் என்பது மட்டுமல்ல, மற்ற எண்களையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். இல்லாததை இல்லை என்று போடுவதுதான் சின்னக் கல்லூரிக்குப் பாதுகாப்பு என்பது என் கருத்து.

டிவிவியில் வந்த கேள்விகளில் பாதி தணிக்கை அறிக்கை பற்றியது. சம்பளம் தவிர்த்த செலவு எது என்று அடிக்கோடிட்டு, ஆடிட்டர் கையெழுத்தோடு கேட்டார்கள். எங்கள் கட்டடப் பராமரிப்பில் ஒரு பகுதி சிஸ்டர்களின் துறவற சபைக் கணக்கிலிருந்து போயிருந்ததால் கல்லூரிக் கணக்கில் காட்ட முடியவில்லை. சபை நடத்தும் மற்ற கல்லூரிகள் இதை முன்கூட்டியே பிரித்து வைத்துக்கொள்வது நல்லது.

மாணவர் திருப்திக் கருத்துக்கணிப்பையும் லேசாக நினைக்க வேண்டாம். நாக் நேரடியாகப் பிள்ளைகளின் மின்னஞ்சலுக்கு 21 கேள்விகளை அனுப்புகிறது. எங்கள் பிள்ளைகள் மின்னஞ்சல் திறந்தது பிளஸ் டூ ரிசல்ட்டின்போதாக இருக்கும், கடவுச்சொல் யாருக்கு ஞாபகம்? கணினி ஆய்வகத்தில் உட்காரவைத்து மின்னஞ்சலை மீட்டுக்கொடுத்தோம். என்ன எழுத வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை. கழிப்பறையில் தண்ணீர் வருவதில்லை என்று எழுதியிருப்பார்கள் என்பது என் ஊகம். அது உண்மையும்கூட. விசிட்டுக்கு முன் புது மோட்டார் போட்டோம்.

பியர் டீமில் மூன்று பேர், வேறு மாநிலத்தவர்கள். இரண்டு நாள். பன்னீர், சந்தனம், கோலம் எல்லாம் உண்டு. கோலத்தில் நாக் என்று எழுத வேண்டாம் என்று நான் சொன்னதை யாரும் கேட்கவில்லை. ஆய்வகம், நூலகம், விடுதிச் சமையற்கட்டு வரை போனார்கள். பெற்றோர் சந்திப்பில் நான் மொழிபெயர்ப்பாளர். இந்தக் கல்லூரியில் ஏன் சேர்த்தீர்கள் என்று தலைவர் கேட்டார். முன்வரிசையில் இருந்த ஓர் அம்மா எழுந்து, “பஸ்ஸு லேட்டுன்னாக்கூட சிஸ்டர் போன் பண்ணிக் கேப்பாவ சார். காலேஜுக்கு அனுப்புனா என் மாமனார் சத்தம் போடுவாரு, சிஸ்டர் பேசுன பொறவுதான் அடங்குனாரு” என்றார். அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். தலைவர் பேனாவை எடுத்து எதையோ குறித்துக்கொண்டார். கடைசி நாள் மாலை அறிக்கையின் பிரதியை முதல்வரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள். அதில் தரம் இருக்காது. அது பிறகு இணையதளத்தில்தான் வரும். அதுவரை தினமும் பக்கத்தைத் திறந்து பார்க்கிற வேலை ஆபீஸ் அக்காவுக்கு.

தரம் ஐந்து வருடத்துக்குச் செல்லும். 2024 ஜனவரியில், எழுத்துத் தரங்களை விட்டு 'அங்கீகாரம் உண்டு, இல்லை' என்ற முறைக்குப் போகப்போவதாக நாக் அறிவித்தது. எங்கள் முறை மறுபடி வரும்போது பி++ என்ற பேச்சே இருக்காது போலிருக்கிறது. ஃப்ளெக்ஸை அதற்காகக் கழற்றவில்லை. இந்த வருட ஏக்யூஏஆர் என்ற ஆண்டுத் தர அறிக்கைக்குத் துறைகளிலிருந்து பட்டியல் கேட்டுச் சர்க்குலர் போட்டாயிற்று. தமிழ்த்துறை மட்டும் கொடுத்திருக்கிறது.